தேயிலையும் வண்டும்

அட்டன் மலைச்சரிவில் கொழுந்து கொய்யும் அன்னையரின் பிள்ளைகளுக்குத் தமிழ் பயிற்றுபவன் நான். 2017 டிசம்பரில் ருஷியா இலங்கைத் தேயிலையை விலக்கிய செய்தியை அவர்களுக்கு விளக்க நேர்ந்தது. ஒரு பொதியில் கப்ரா வண்டு காணப்பட்டதாம். அவ்வண்டோ தானியக் களஞ்சியத்துப் பகை. தேயிலை அதன் உணவன்று. எனினும் டிசம்பர் 18 முதல் நம் தேயிலை அனைத்திற்கும் வாயில் அடைபட்டது.

2018 ஜனவரி முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இருந்த நம் அரசு, அதற்கிடையே அவ்வெண்ணத்தை ஒத்திவைத்தது. நமக்குக் கல்நாரைப் பெருமளவில் விற்ற நாடும் ருஷியாவே. டிசம்பர் 30இல் வாயில் திறந்தது. இரண்டிற்கும் தொடர்பில்லை என்பாரும் உளர். நாள்வரிசையை நோக்குவோர் ஐயுறாதிருத்தல் அரிது.

ஆயினும் சோதனையே வேண்டா என்பேனல்லேன். தொழிற்சாலையில் சல்லடை நாரைக் களைகிறது. இயந்திரத் தேய்வால் உதிரும் இரும்புத்துகளைக் காந்தம் ஈர்க்கிறது. கழிவுத் தேயிலையிற் சீனி கலப்போரும் நம்மிடையே உளர். நம் குறையை நாமே களைந்தால், பிறர் சோதனை படைக்கலமாகாது.

தராசடியில் முற்றிய இலைக்காக எடை கழிக்கப்படும் பெண்ணே முதற்சோதனைக்கு உட்படுபவள். கடைசிச் சோதனையின் தண்டமும் அவள் கூலியிலேயே விழுதல் அறமாகுமோ?