பாடத் தெரியாத மோடம்

வானொலியில் நேயர்கள் அழைக்கும்போது அவர்கள் குரல் மட்டும் ஏன் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நேயரின் தொண்டையில் ஒரு குறையும் இல்லை. தொலைபேசிக் கம்பி ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸ் முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியைத்தான் சுமக்கும். அதற்குக் கீழே இருக்கும் கனமும் அதற்கு மேலே இருக்கும் கூர்மையும் வழியிலேயே உதிர்ந்துவிடும். பேச்சு புரிய இவ்வளவு போதும் என்று அந்தக் காலத்தில் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

டயல்-அப் காலத்தில் இந்தக் குறுகிய சந்துக்குள் நுழைந்துதான் உங்கள் கணினியும் இணையத்துக்குப் போனது. ஸ்ட்ரீமிக்ஸ் எடுத்த பட்டணத்து வாசகர்கள் அப்போதே இதை மறந்திருப்பார்கள். 'டயல்-அப்' வைத்திருந்தவர்கள் தினமும் கேட்ட அந்தக் கீச்சும் கரகரப்பும் வெறும் இரைச்சல் அல்ல. கணினியில் உள்ள ஒன்றையும் சுழியத்தையும் மோடம் ஒலியாக மாற்றிப் பாடுகிறது. எதிர்முனையில் இருக்கும் மோடம் அதைக் கேட்டுப் பதில் பாடுகிறது. எவ்வளவு வேகமாகப் பாடலாம், கம்பியில் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்று இரண்டும் முதலில் பேசி முடிவு செய்கின்றன. ஒலிப்பதிவுக் கூடத்தில் நாங்கள் 'டெஸ்ட்டிங், ஒன், டூ' சொல்வதைப் போலத்தான்.

சரி, பாடுவது யார்? அங்கேதான் விவகாரம். பழைய மோடம்கள் தனிப்பெட்டியாக மேசையில் உட்கார்ந்திருக்கும். பாடுவதற்கும் கேட்பதற்கும் அவற்றுக்குள்ளேயே மூளை உண்டு. மடிக்கணினிக்குள் வைத்த மோடமில் இடமும் மிச்சம், காசும் மிச்சம் என்று அந்த மூளையை எடுத்துவிட்டார்கள். கணினியின் மையச் செயலியே பாடட்டும், மோடம் வெறும் ஒலிவாங்கியாக இருந்தால் போதும் என்று ஏற்பாடு. 'மென்பொருள் மோடம்', 'வின்மோடம்' என்றெல்லாம் இதற்குப் பெயர். பாட்டு முழுக்க 'டிரைவர்' என்ற மென்பொருளுக்குள் இருக்கிறது. அச்சுப்பொறிக்கு டிரைவர் என்பது ஒரு சாவி மாதிரி. இந்த மோடமுக்கோ டிரைவர்தான் பாடகர். அவர் வரவில்லை என்றால் மேடையில் மைக் மட்டும் நிற்கும்.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் என் சின்னம்மாவின் கடைசி மகள். எஸ்டிபிஎம் முடித்துவிட்டு அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு இணையம் வழி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. முடிவு தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது எனக்குப் போன் வந்தது. அவள் அண்ணன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அங்கே பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்தனுப்பியிருந்தான். விற்ற கடைக்காரர் உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு விண்டோஸ் எக்ஸ்பியைப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார். கணினியோடு வந்திருக்க வேண்டிய குறுந்தட்டு இல்லை. எல்லாம் வேலை செய்கிறது, மோடம் மட்டும் செய்யவில்லை.

"டிரைவர் இல்லைன்னு காட்டுது அக்கா" என்றாள். பின்னால் சித்தப்பாவின் குரல் கேட்டது: "டிரைவர் இல்லையா? நான் ஒருத்தன் குத்துக்கல்லு மாதிரி இருக்கேனே!" அவர் இருபது வருடமாகத் தோட்டத்தில் குலை லாரி ஓட்டுகிறவர்.

சைபர் கஃபேக்குப் போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பதினான்கு கிலோமீட்டர், பேருந்து ஒரு நாளைக்கு இரண்டு முறை. ஒருமுறை போயும் வந்திருக்கிறாள். பக்கத்து இருக்கைப் பையன்கள் துப்பாக்கி விளையாட்டில் கத்திக்கொண்டிருக்க, திரையின் மூலையில் நிமிடக் கணக்கு ஓட, எந்தத் துறையை முதலில் போடுவது, எதை அடுத்துப் போடுவது என்று தனியாக உட்கார்ந்து முடிவெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. "அப்பாவும் அம்மாவும் பக்கத்துல இருந்து பார்க்கணும் அக்கா" என்றாள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகப் பாரத்தை நிரப்பப்போகும் முதல் ஆள் அவள். இதற்கு மேல் நான் சைபர் கஃபே பற்றிப் பேசவில்லை.

இணையத்துக்குப் போக டிரைவர் வேண்டும். டிரைவரோ இணையத்தில் இருக்கிறது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை. ஆகவே கோலாலம்பூரில் இருக்கும் நான் இறக்கிக் கொடுக்க வேண்டும். எதை இறக்குவது என்று தெரிய, அங்கே இருக்கும் மோடம் எது என்று முதலில் தெரிய வேண்டும்.

அந்த வீட்டில் இருப்பது ஒரே தொலைபேசிக் கம்பி. மோடம் சோதிக்க வேண்டுமானால் என்னோடு பேசுவதை நிறுத்த வேண்டும். கைத்தொலைபேசிக்கு அலை கிடைப்பது கோயில் படிக்கட்டில் மட்டும்தான். ஒவ்வொரு முறையும் நான் இரண்டு வரி சொல்வேன், அவள் போனை வைத்துவிட்டு முயல்வாள், மறுபடி அழைப்பாள். இரண்டு இரவுகள் இப்படிப் போயின. என் நிகழ்ச்சியில்கூட ஒரே நேயர் இத்தனை முறை அழைத்ததில்லை.

முதல் வேலை, விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' பக்கத்தைத் திறப்பது. மஞ்சள் கேள்விக்குறியோடு ஒரு வரி நிற்கும். அதை இருமுறை தட்டி, விவரப் பக்கத்துக்குப் போனால் நீண்ட எண் ஒன்று தெரியும். அதில் 'வென்' என்பதற்கு அடுத்து வரும் நான்கு எழுத்துகள் தயாரிப்பாளரின் அடையாளம். 14எஃப்1 என்றால் கானெக்ஸண்ட், 11சி1 என்றால் லூசண்ட் அல்லது அதிலிருந்து பிரிந்த அகேர். இந்த எண்ணைத் தேடினால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலான வீடுகளில் இத்தோடு கதை சுபம்.

அவள் படித்துச் சொன்ன எண் 8086. இது இன்டெல்லின் எண். 1978இல் வந்த அவர்களுடைய புகழ்பெற்ற செயலியின் பெயரையே அடையாள எண்ணாக வைத்திருக்கிறார்கள். இங்கே பலர் இன்டெல்லின் தளத்துக்குப் போய் மோடம் டிரைவரைத் தேடித் தேடிக் களைத்துவிட்டார்கள். அது அங்கே இருக்காது. அந்தக் கால மடிக்கணினிகள் பலவற்றில் தாய்ப்பலகையில் இருந்த இன்டெல் சில்லு வழியை மட்டும்தான் திறந்துவிட்டது. பாட்டைக் கம்பிக்குள் அனுப்பும் சில்லு, ஒரு தனிக் குட்டிப் பலகையில் இருந்தது. அந்தப் பலகையை அகேரும் செய்திருக்கலாம், கானெக்ஸண்டும் செய்திருக்கலாம், ஸ்மார்ட் லிங்கும் செய்திருக்கலாம். எண் வாசல்காரரைக் காட்டுகிறதே தவிர, வீட்டுக்காரரைக் காட்டவில்லை.

மடிக்கணினி நிறுவனத்தின் தளத்துக்கும் போனேன். அதே மாடலுக்கு மூன்று மோடம் டிரைவர்கள் போட்டிருந்தார்கள், எது எதற்கு என்ற விளக்கம் ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவது கோப்போ திறக்கவே இல்லை. பழைய மாடல் என்றால் இவர்களுக்கு எப்போதும் ஒரு சலிப்பு. ஒரே பெயரில் விற்ற கணினிகளில் அந்தந்த மாதம் மலிவாகக் கிடைத்த மோடமை வைத்து அனுப்புவது இந்தத் தொழிலில் வழக்கமாக இருந்தது.

மிச்சமிருந்த வழி, திறந்து பார்ப்பது. மின்சாரக் கம்பியையும் மின்கலத்தையும் கழற்றிவிட்டு, அடியில் இருக்கும் சிறு மூடியின் திருகுகளை சித்தப்பா அவிழ்த்தார். லாரியின் கார்புரேட்டரைப் பிரித்தவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா! தீப்பெட்டி அளவுப் பலகை ஒன்று இரண்டு திருகில் நின்றது, அதிலிருந்து மெல்லிய கம்பி தொலைபேசித் துளைக்குப் போனது. அவர் டார்ச் அடித்துப் பிடிக்க, இவள் பூதக்கண்ணாடி வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். சில்லின் மேல் 'சிஎக்ஸ்' என்று தொடங்கியது. ஆக, கானெக்ஸண்ட். 'எஸ்எல்' என்று இருந்திருந்தால் ஸ்மார்ட் லிங்க். சில்லில் எழுத்து தேய்ந்திருந்தாலும், பலகையில் ஒட்டியிருக்கும் சிறு காகிதத்தில் பதிவு எண் இருக்கும். அதைத் தேடினாலும் விடை கிடைக்கும்.

அப்புறம் எல்லாம் வேகம். இறக்கிய மூன்றில் கானெக்ஸண்டுக்கு உரியது எது என்று கோப்புக்குள் இருக்கும் சிறு உரைப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். டிரைவர் கோப்புகளோடு வரும் 'இன்ஃப்' என்ற கோப்பை நோட்பேடில் திறக்கலாம். தன்னால் பாட முடிந்த மோடம்களின் எண்களை அது வரிசையாகச் சொல்லும். அவள் தந்த நீண்ட எண் அதில் அப்படியே இருந்தது. பென்டிரைவில் ஒன்று, குறுந்தட்டில் ஒன்று எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலையில் நானே கிளம்பிவிட்டேன்.

இடையில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேடும்போது, 'உங்கள் டிரைவரை நாங்களே கண்டுபிடித்துத் தருகிறோம், இந்த மென்பொருளை நிறுவுங்கள், கடன் அட்டை எண்ணைக் கொடுங்கள்' என்று கைபிடித்து இழுக்கும் தளங்கள்தான் முதலில் வரும். தாண்டிப் போங்கள். டிரைவருக்குக் காசு கேட்கிறார்கள் என்றால் பெரும்பாலும் வேறெங்கோ இலவசமாக இருக்கிறது என்று அர்த்தம். லினக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் இதில் ஒரு விதிவிலக்கு இருந்தது: கானெக்ஸண்ட் மோடம்களுக்கான லினக்ஸ் டிரைவரை லினக்ஸண்ட் என்ற நிறுவனம் தந்தது. இலவசப் பதிப்பு 14.4 கிலோபிட்டுக்கு மேல் போகவில்லை, முழு வேகம் வேண்டுமானால் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அது ஏமாற்று அல்ல.

தோட்டத்தில் டிரைவரை நிறுவியதும் கேள்விக்குறி மறைந்தது. கையைத் தட்டினார்கள். எண்ணைச் சுழற்றினால் '680: டயல் டோன் இல்லை' என்ற பிழை வந்தது. அதே கம்பியில் சாதாரணத் தொலைபேசியைச் செருகினால் ஓசை கேட்கிறது. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். மோடம் அமைப்பில் நாடு அமெரிக்கா என்று இருந்தால், அந்த நாட்டு டயல் ஓசைக்காக அது காத்திருக்கும். ஓசை நாட்டுக்கு நாடு வேறு. அல்லது, குரல் அஞ்சல் வந்து காத்திருக்கும் கம்பியில் ஓசை விட்டுவிட்டு ஒலிக்கும். மோடம் அதை ஓசையாகவே மதிக்காது. நாட்டை மலேசியா என்று மாற்றி, 'டயல் ஓசைக்குக் காத்திரு' என்ற கட்டத்தில் இருந்த குறியையும் எடுத்துவிட்டோம்.

அடுத்த முயற்சியில் பாடியது. அந்தச் சின்ன வீட்டின் கூடத்தில், சாமிப் படத்துக்குக் கீழே, கீச்சென்றும் கரகரவென்றும் ஒரு அரை நிமிடக் கச்சேரி. சின்னம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வேகம் 31.2 கிலோபிட். 1998இல் வந்த வி.90 தரப்படி 56 என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள்; அந்த எண்ணை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. தொலைபேசி நிலையத்திலிருந்து தள்ளி, பழைய கம்பியில் இருக்கும் தோட்டத்துக்கு 31 கிடைத்ததே பெரிது. பக்கத்துக்குப் பக்கம் நேரம் எடுத்தது. அந்த நேரத்தில்தான் பேச்சு நடந்தது. மருத்துவ ஆய்வகத் துறையா, கணக்கியலா? பினாங்கா, கிள்ளானுக்குப் பக்கமா? சித்தப்பா ஒவ்வொரு பெயரையும் மலாயில் வாய்விட்டுப் படித்து, "இது முடிச்சா என்ன வேலைம்மா?" என்று கேட்டார். சிலவற்றுக்கு அவளிடம் பதில் இருந்தது, சிலவற்றுக்கு என்னிடமும் இல்லை. இரவு பதினொன்று நாற்பதுக்கு அனுப்பினாள். ஒப்புகைப் பக்கத்தைச் சேமித்து, மறுநாள் பட்டணத்தில் அச்செடுத்துக்கொண்டாள். முடிவு வர அப்போது இன்னும் காலம் இருந்தது.

அந்தக் காலத்தில் இத்தனை பாடுபட்டும் மோடம் பாடவில்லை என்றால், அது செத்திருக்கக்கூடும். நம் ஊர் மின்னலுக்கு முதல் பலி தொலைக்காட்சிக்கு அடுத்து மோடம்தான். தொலைபேசிக் கம்பி வழியே உள்ளே வந்து சில்லைக் கருக்கிவிடும். செத்த மோடமுக்கு எந்த டிரைவரும் உதவாது. அப்போது தொடர்நிலைத் துளையில் செருகும் பழைய வெளிமோடம் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்குச் சொந்த மூளை இருந்ததால் விண்டோஸிலேயே இருந்த பொது டிரைவர் போதுமானதாக இருந்தது. ஸ்ட்ரீமிக்ஸுக்கு மாறிய நண்பர்கள் பலர் வீட்டு அலமாரியில் அது தூசி தட்டக் காத்திருந்தது. கேட்டால் சும்மாவே கொடுத்தார்கள்.

சித்தப்பா வீட்டில் அதன் பிறகு வானம் இருட்டினால் முதலில் துணியை எடுத்ததில்லை, கம்பியைப் பிடுங்கினார்கள். டிரைவர் குறுந்தட்டு பிறப்புப் பத்திரங்களோடு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது.