குப்பத்துக்காரனுக்கு ஆழ்மனம் கிடையாதா?

"சைக்கோதெரபி எல்லாம் பணக்காரங்க சமாச்சாரம். காசிமேட்டுல வலை பின்றவனுக்கு எதுக்குங்க அதெல்லாம்?"

படித்தவர்கள், அதுவும் நல்ல மனசுக்காரர்கள் என்று பெயர் எடுத்தவர்களே சொல்லும் வசனம் இது. கேட்கும்போது ஏழை மேல் உள்ள அக்கறை மாதிரி தான் இருக்கும். கொஞ்சம் உரித்துப் பாருங்கள். பணம் இருப்பவனுக்கு மனசு இருக்கிறது, அதில் சிக்கல் வரும், அதைப் பேசித் தீர்க்க வாரம் ஒரு மணி நேரம் வேண்டும். பணம் இல்லாதவனுக்கு வயிறு மட்டும் தான். இது தான் அந்த வசனத்தின் அர்த்தம்.

முதலில் இந்த சிகிச்சை என்னவென்று பார்த்து விடலாம். தமிழில் உளவியக்கச் சிகிச்சை என்று சொல்லலாம். (பெயரைக் கேட்டு ஓடி விட வேண்டாம்!) ஃப்ராய்டிடம் ஆரம்பித்த வழி. மனிதன் செய்யும் பல காரியங்களுக்கு அவனுக்கே தெரியாத காரணங்கள் உள்ளே கிடக்கின்றன. சின்ன வயதில் பட்ட அடி, பெரியவனான பிறகும் வேறு வேறு வேஷத்தில் திரும்ப வரும். ஒரு நம்பகமான ஆளிடம் வாரா வாரம் பேசிப் பேசி அதை அடையாளம் கண்டால் அதன் பிடி தளரும். அப்பா மேல் இருக்கும் கோபமும் அம்மாவிடம் கிடைக்காத பாசமும் சிகிச்சை தருபவர் மீதே வந்து விழும். அதையும் மறைக்காமல் எடுத்துப் பேசுவது இந்த முறையின் விசேஷம்.

இதில் எந்த இடத்தில் வருமானச் சான்றிதழ் கேட்கிறார்கள்?

2023 டிசம்பரை எடுத்துக் கொள்ளுங்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் கலந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கருப்பாகிப் போனது. அந்தக் கறை காய்வதற்குள் டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி பெரியகுப்பம் பக்கம் உரத் தொழிற்சாலையின் குழாயில் அமோனியா கசிந்தது. மூச்சு முட்டி, தூக்கத்தில் இருந்த பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு ஜனங்கள் தெருவில் ஓடினார்கள். தேதியைக் கவனியுங்கள். 2004-ல் சுனாமி வந்த அதே டிசம்பர் 26.

எண்ணெய் கொட்டியதற்கு நிவாரணம் அறிவித்தார்கள். படகுக்குக் கணக்கு இருந்தது, குடும்பத்துக்குக் கணக்கு இருந்தது. ராத்திரி லேசாக ஏதாவது வாடை வந்தாலே பதறி எழுந்து உட்காருபவருக்கு எந்தக் கணக்கும் கிடையாது. பேலன்ஸ் ஷீட்டில் காட்ட முடியாத நஷ்டம் நஷ்டமே இல்லை என்று எந்த அக்கவுண்டன்ஸி புத்தகமும் சொல்லவில்லையே!

அடுத்தது அடையாளம். வடசென்னை என்றால் சினிமாக்காரர்களுக்கு அரிவாள், கானா, ரவுடி. இன்டர்வியூவில் திருவொற்றியூர், எண்ணூர் என்று முகவரி சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் ஒரு நொடி மாறும். அடுத்த தடவை அந்தப் பையன் அண்ணாநகர் சித்தப்பா வீட்டு முகவரியை எழுதுவான். சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் சொந்தத் தெருவை, அப்பாவின் தொழிலை, வாயில் வரும் பாஷையை மறைத்து மறைத்து வாழ்பவனுக்கு ஒரு கட்டத்தில் தான் யார் என்பதே குழம்பும். வெளியே காட்ட முடியாத கோபம் வீட்டில் தங்கச்சி மேல், பெண்டாட்டி மேல் இறங்கும். இல்லையென்றால் டாஸ்மாக். 'அவன் சுபாவமே அப்படி' என்று ஊர் முடித்து விடும். சுபாவம் இல்லை சார், அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கேட்க ஆள் இல்லை, அவ்வளவு தான்.

"அதுக்குத் தான் கோயில் இருக்கே, சர்ச் இருக்கே, தர்கா இருக்கே?"

இருக்கிறது. அதைக் கிண்டல் செய்பவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. வருஷம் முழுக்க வாய் திறக்காத ஒரு பெண், ஆடித் திருவிழாவில் சாமி வந்து ஆடும்போது மாமியாரையே காலில் விழ வைப்பாள். மனசு தனக்குத் தானே கண்டுபிடித்த ஒரு வழி அது. மதத்தை வெறும் மாயை என்று 1927-ல் புத்தகமே எழுதினார் ஃப்ராய்டு. ஆனால் அதே உளப்பகுப்பாய்வு மரபில் வந்த சுதிர் கக்கர் 1982-ல் இந்தியாவின் மந்திரவாதிகளையும் சாமியார்களையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர்களைக் கேலி செய்யவில்லை, உட்கார்ந்து கேட்டார். தமிழ்நாட்டில் ஒரு கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை ஆராய்ந்தவர்கள், சில வாரங்களிலேயே அவர்களின் நோய்க்குறிகள் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்ததாக 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அன்பான இடமும் மரியாதையும் ஒரு மருந்து தான்.

ஆனால் அதோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழ்நாடே சாட்சி. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. சங்கிலியில் கட்டி வைத்திருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் தீயில் கருகினார்கள். பக்தியின் மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. அரசாங்கம் கதவை மூடிய இடத்தில் தான் சங்கிலி வந்தது. இன்னொரு பக்கம், வார இறுதி கோர்ஸ் முடித்து விட்டு 'ஹீலர்' என்று போர்டு மாட்டிக் கொள்பவர்கள். கட்டணம் மட்டும் ஸ்பெஷலிஸ்ட் ரேஞ்சில்!

ஒரு சின்னக் கணக்கு. தனியாரிடம் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 52,000. எந்த டெக்கில் மீன் அள்ளுபவர் கட்டுவார்? அப்படியானால் வசனம் சொன்னவர்கள் ஜெயித்து விட்டார்களா? இல்லை. கட்ட முடியாது என்பதும் தேவையில்லை என்பதும் ஒன்றல்ல. ஹார்ட் ஆபரேஷனும் தான் கட்ட முடியாது. அதற்கு அரசு காப்பீடு கொடுக்கவில்லையா?

இதை ஃப்ராய்டே சொல்லியிருக்கிறார். 1918-ல் புடாபெஸ்ட் மாநாட்டில், அறுவை சிகிச்சைக்கு ஏழைக்கு உள்ள உரிமை மனசுக்கான சிகிச்சைக்கும் உண்டு, அரசு இதை இலவசமாகத் தரும் காலம் வரும் என்று பேசினார். 1920-ல் பெர்லினில் காசில்லாதவர்களுக்கும் கிளினிக் திறந்தார்கள், 1922-ல் வியன்னாவில். அதே 1922-ல் கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை ஆரம்பித்தார். 1933-ல் அங்கே ஒரு பொது மருத்துவமனையிலேயே மனநல வெளிநோயாளர் பிரிவு வந்தது. ஆக, 'பணக்காரங்க சமாச்சாரம்' என்பது பின்னால் ஒட்டிய லேபிள்.

"எண்ணெயை அள்ளாம கவுன்சிலிங் குடுக்கறாங்களாம்" என்பார்கள் தோழர்கள். நியாயம். கழிவைக் கொட்டுபவனைத் தப்பிக்க விட்டு, பாதிக்கப்பட்டவனை 'மனசைத் தேத்திக்கோ' என்று சொல்வது அயோக்கியத்தனம். ஆனால் கழிவையும் அள்ள வேண்டும், காயத்தையும் பார்க்க வேண்டும். ஒன்றைச் சொல்லி இன்னொன்றைத் தள்ளிப் போடுவது யாருக்கு வசதி?

இந்த முறை எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் ஆகாது. கடுமையான மனச்சிதைவுக்கு மாத்திரை கட்டாயம். சிலருக்குக் குறுகிய கால ஆலோசனையே போதும். ஆனால் ஏழைக்குப் பேசத் தெரியாது, பொறுமை இருக்காது என்பது பொய். ஜிம்பாப்வேயில் பயிற்சி பெற்ற பாட்டிகள் பெஞ்சில் உட்கார்ந்து ஜனங்களின் மனக்கஷ்டத்தைக் கேட்கிறார்கள். அது உளவியக்கச் சிகிச்சை இல்லை தான். ஆனால் அதில் பலன் இருந்தது என்று 2016-ல் ஆய்வு வந்தது.

2017 மனநலச் சட்டம், அரசு நடத்தும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. அப்படியென்றால் கேட்க வேண்டியது தெளிவு. ராயபுரம் ஸ்டான்லியிலும் எண்ணூர், திருவொற்றியூர் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கதவு சாத்தக் கூடிய ஒரு அறை. வடசென்னைத் தமிழ் புரிகிற, முறையாகப் படித்த ஒரு உளவியலாளர். வாரா வாரம் அதே ஆள், அதே நேரம். காலை ஓ.பி. நேரத்தில் வந்தால் ஒரு நாள் கூலி போகும், அதனால் ஷிப்ட் முடிந்த பிறகு, சாயங்காலம்.

அது வரும் வரை, இப்போதைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. இலவசம், தமிழிலும் பேசலாம். தேவைப்படுபவருக்குச் சொல்லுங்கள்.

அப்புறம், "அவங்களுக்கு எதுக்குங்க?" என்று அடுத்த முறை யாராவது ஆரம்பித்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள். உங்களுக்கு எதுக்குங்க?