பெண் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாளா?

முன்பெல்லாம் மேல்நாட்டுக்குப் படிக்கப் போனால் மூன்று வருஷம், நாலு வருஷம் கழித்துத்தான் திரும்புவார்கள். இப்போது இங்கே காலேஜில் படித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு மாதம் ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ போய்ப் படித்துவிட்டு வரலாம். அங்கத்திய பிள்ளைகளும் இங்கே வருகிறார்கள். மாணவர் பரிமாற்றம் என்று இதற்குப் பெயர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் டிக்கெட்டுக்கு எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணுகிற நாம், விமானம் கக்குகிற புகைக்குக் கணக்குப் பார்ப்பதில்லை.

என் தங்கை பெண்ணுக்கு ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் படிக்க இடம் கிடைத்தது. அக்டோபரில் போய் மார்ச் கடைசியில் திரும்ப வேண்டும். இதற்கு நடுவில் தை மாசம் அவள் அண்ணனுக்கு நிச்சயதார்த்தம்.

"கூடப் பிறந்தவ இல்லாம என்ன நிச்சயதார்த்தம்? ஒரு வாரம் வந்துட்டுப் போகட்டுமே அக்கா. பணம் போனால் போகிறது" என்றாள் தங்கை.

பெண் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டு என்னிடம் காட்டினாள். சென்னையிலிருந்து பிராங்பர்ட் போய் வர ஏறக்குறைய 15,000 கிலோ மீட்டர். ஒரு ஆளின் பங்குக்கு உத்தேசமாக 1 டன் கரியமில வாயு. அத்தனை உயரத்தில் புகை விடுவதால் வருகிற மற்றக் கெடுதலையும் சேர்த்தால் 2 டன் வரை சொல்கிறார்கள். நம் நாடு முழுவதும் ஒரு வருஷத்தில் விடும் கரியமில வாயுவைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டால் அதுவும் சுமார் 2 டன்தான்!

"ஒரு தரம் போறது படிப்புக்காக, பெரியம்மா. ஏழு நாளைக்காக இன்னொரு தரம் அவ்வளவு புகையா? பிப்ரவரியில பரீட்சை வேற இருக்கு."

"ஊர் உலகமெல்லாம் பறக்குது. நீ ஒருத்தி வராம இருந்தா பூமி குளிர்ந்துடுமா?" என்று தங்கை கேட்டாள். கேள்வி நியாயம்தான். நம் தெருவில் ஆகாய விமானத்தில் காலே வைக்காத குடும்பங்கள் எத்தனை! பறக்கிறவர்கள் கொஞ்சம் பேர், வெயிலும் வெள்ளமும் எல்லோருக்கும். அந்தக் கொஞ்சம் பேரில் ஒருத்தியாகிவிட்டால் யோசிக்கத்தானே வேண்டும்?

அம்மாதான் வழி சொன்னாள். "பங்குனியில முகூர்த்தமே இல்லையா? அவ மார்ச்சோட வந்துடறாளே. சம்பந்தி வீட்டுல கேட்டுப் பாரேன்." கேட்டார்கள். அவர்களுக்கும் ஆட்சேபணை இல்லை. பத்து நாள் மனஸ்தாபம் பஞ்சாங்கத்தைப் புரட்டியதில் தீர்ந்தது!

இந்த விஷயத்தில் ஐரோப்பாக்காரர்கள் செய்திருப்பதும் தெரிந்துகொள்ளத் தக்கது. அங்கே 'எராஸ்மஸ்' என்று ஒரு பரிமாற்றத் திட்டம் 1987-ல் ஆரம்பமானது. முதல் வருஷம் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் போனார்கள். இன்றைக்கு மொத்தம் ஒரு கோடிப் பேரைத் தாண்டிவிட்டது. இத்தனை பேரும் மலிவு டிக்கெட்டில் பறந்தால் என்ன ஆகும்? அதனால் 2021-ல் தொடங்கிய கட்டத்தில், ரயிலிலோ பஸ்ஸிலோ நாலு பேர் சேர்ந்த காரிலோ வருகிற மாணவருக்கு 50 யூரோ கூடுதலாகத் தர ஏற்பாடு செய்தார்கள். ரயிலில் நாள் கூடுதலாகும் அல்லவா? அதற்காக நாலு நாள் வரைக்கும் படிப்பணமும் தர ஏற்பாடு செய்தார்கள். இன்னொரு வகையில், படிப்பில் ஒரு பகுதியைக் கம்ப்யூட்டர் வழியாகப் படித்து, 5 முதல் 30 நாள் மட்டும் நேரில் போய் வரலாம்.

நம் பிள்ளைகள் ஜெர்மனிக்கு ரயிலில் போக முடியாது. ஆனாலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தங்கை பெண் எழுதியதையும் சொன்னதையும் வைத்து, தாய்மார்களுக்குச் சில யோசனைகள்:

டிக்கெட்: ஒரே தடவை போய், ஒரே தடவை வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். கூடியவரை நேர் விமானமாக இருக்கட்டும். மேலே ஏறும்போதுதான் எரிபொருள் அதிகம் செலவாகிறது. இரண்டு இடத்தில் இறங்கி ஏறினால் அந்தச் செலவும் கூடும். பிராங்பர்ட் விமான நிலையத்திலேயே தூரப் பிரயாண ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வேறு ஊருக்கு இன்னொரு விமானம் தேவையில்லை. பெர்லினுக்கே நாலு மணி நேரம்தான்.

மூட்டை: பாதிப் பெட்டி கம்பளியும் போர்வையுமாக அடைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் பழைய கோட்டு, சைக்கிள், பாத்திரம் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். நல்ல நிலையில் இருக்கும் சாமான்களை 'எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதி வாசலில் வைத்துவிடுகிற வழக்கமும் அங்கே உண்டு. சின்ன பிரஷர் குக்கர் ஒன்று மட்டும் கட்டாயம் கொடுத்தனுப்புங்கள். பருப்பு சீக்கிரம் வேகும், கரண்டும் மிச்சம்.

அறை: குளிருக்குப் பயந்து ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டு, மூச்சு முட்டுகிறது என்று ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பார்கள். இரண்டும் வீண். உட்காரும் அறைக்கு 20 டிகிரி போதும். ஒரு டிகிரி குறைத்தால் ஹீட்டர் செலவில் சுமார் 6 சதவிகிதம் மிச்சமாகும். ஹீட்டரை அணைத்துவிட்டு, ஜன்னலை அகலத் திறந்து ஐந்து, பத்து நிமிஷம் காற்று வாங்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். சமையல் ஆவியும் ஈரத்துணியின் ஈரமும் வெளியேறாவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடித்து, இருமலும் இழுப்பும் வரும்.

ஊர் சுற்றுவது: வாராவாரம் ஒரு தலைநகரம் என்று பறக்கிற ஆசை வரும். அதைத்தான் அடக்க வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் கட்டணத்தோடு ரயில், பஸ் பாஸும் வந்துவிடுகிறது. சுற்றுப்பட்டு ஊர்களை நிதானமாகப் பார்த்தாலே ஆறு மாதம் போதாது. பாரிஸ் பார்க்க ஆசையா? பிராங்பர்ட்டிலிருந்து ரயிலில் நாலு மணி நேரம்.

குப்பை: காகிதத்துக்கு ஒரு தொட்டி, பிளாஸ்டிக் உறைக்கு ஒன்று, காய்கறித் தோலுக்கு ஒன்று என்று பிரித்துப் போட வேண்டும். குளிர்பானம் வாங்கும்போது பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் வாங்கிக்கொள்கிறார்கள். காலி பாட்டிலைக் கடையில் திருப்பினால் பணம் வாபஸ். எங்கள் பெண் முதல் மாதமே இதில் கெட்டிக்காரியாகிவிட்டாள்!

திரும்பும்போது: கோட்டு, சைக்கிள், வாளி, தலையணை எல்லாவற்றையும் அடுத்து வருகிற பெண்ணிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். செமஸ்டர் முடிவில் நல்ல சாமான்கள் குப்பைக்குப் போவது அப்போதுதான் குறையும்.

அங்கிருந்து இங்கே படிக்க வருகிற பிள்ளைகள் உங்கள் வீட்டில் தங்கினால், அவர்களுக்காக நாள் முழுக்க ஏ.சி. ஓட்டி, கேஸ் கேஸாக பாட்டில் தண்ணீர் வாங்க வேண்டாம். நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரும், மண்பானையும், மாலையில் மொட்டைமாடிக் காற்றுமே போதும். நம் வாழ்க்கையைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் வருகிறார்கள்?

பிள்ளைகளைப் போக வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். நாலு இடம் பார்த்தால்தான் புத்தி விசாலமாகும். ஒரு தடவை போகட்டும், போன இடத்தில் ஊன்றி இருந்து படித்துவிட்டு வரட்டும். நடுவில் "வாடி கண்ணே" என்று கூப்பிடத் துடிக்கிற மனசை அடக்கிக்கொள்வதுதான் அம்மாக்களுக்கு உள்ள பெரிய வேலை. விசேஷத்துக்குத் தேதி குறிக்குமுன், பெண் திரும்புகிற தேதியை ஒரு தரம் பார்த்துவிடுங்களேன்!