“உஷ்... அப்படில்லாம் கேக்கக் கூடாது!” - குழந்தைகள் மனதில் பாகுபாடு நுழைவது எப்படி?

மின்சார ரயிலில் அம்மாவின் மடியில் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தை, எதிர் சீட்டைக் கை நீட்டிக் காட்டிக் கேட்கிறது: “அம்மா, அந்த அண்ணனுக்கு ஏன் கண்ணு இவ்ளோ சின்னதா இருக்கு?” எதிரே இருப்பவர் மணிப்பூரில் இருந்தோ மிசோரமில் இருந்தோ வேலைக்கு வந்தவராக இருக்கலாம். அம்மாவுக்குத் தர்மசங்கடம். “உஷ்... அப்படில்லாம் கேக்கக் கூடாது!” என்று குழந்தையின் கையைக் கீழே இறக்கிவிடுகிறார். பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது.

சென்னை, கோவை, திருப்பூர் என எந்த ஊரிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. அம்மாவின் எண்ணத்தில் தவறில்லை. எதிரே இருப்பவர் மனம் நோகக் கூடாது என்றுதான் அவர் பதறுகிறார். ஆனால் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்த செய்தி வேறு. ‘அந்த அண்ணனிடம் ஏதோ குறை இருக்கிறது. அதைப் பற்றிப் பேசவே கூடாது’ என்பதுதான் அது.

“நாங்க வீட்டுல யாரைப் பத்தியும் தப்பா பேசுறதே இல்லை. அப்புறம் எப்படி எங்க பிள்ளை அப்படிப் பேசும்?” என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அந்தப் ‘பேசுறதே இல்லை’ என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது என்கின்றன குழந்தை உளவியல் ஆய்வுகள்.

எந்த வயதில் வேறுபாடு தெரிய ஆரம்பிக்கும்?

பலரும் நினைப்பதைவிட மிகவும் முன்பாகவே. பிறந்த சில நாட்களே ஆன சிசுக்கள், எந்த இனத்தவரின் முகத்தையும் ஒரே மாதிரிதான் பார்க்கின்றன. ஆனால், மூன்று மாதத்திலேயே தங்களைச் சுற்றியிருக்கும் இனத்தவரின் முகங்களைக் கூடுதல் நேரம் உற்றுப்பார்க்கத் தொடங்கிவிடுகின்றன. 2005இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது.

அப்படியானால் பாகுபாடு பிறவிக் குணமா? இல்லை. அடுத்த ஆண்டே இஸ்ரேல், எத்தியோப்பியா குழந்தைகளை ஒப்பிட்டு இன்னோர் ஆய்வு வெளியானது. வெள்ளையர் நடுவில் வளர்ந்த குழந்தைகள் வெள்ளை முகங்களையும், எத்தியோப்பியாவில் வளர்ந்தவை கறுப்பு முகங்களையும் அதிகம் பார்த்தன. இஸ்ரேலில் இரு தரப்பினரையும் பார்த்து வளர்ந்த எத்தியோப்பியக் குடும்பத்துக் குழந்தைகளிடமோ அந்த வித்தியாசம் தென்படவில்லை.

ஆக, மூன்று மாதக் குழந்தையிடம் இருப்பது வெறுப்பு அல்ல, பழக்கம். எந்த முகம் நல்ல முகம், எது மட்டமான முகம் என்ற மதிப்பீட்டை அதன் மேல் ஏற்றுவது பெரியவர்களின் உலகம்தான்.

பொம்மைகள் சொன்ன கதை

அந்த மதிப்பீடு எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதை 1940களில் அமெரிக்காவில் வெளிக்கொண்டு வந்தவர்கள் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி. மூன்று முதல் ஏழு வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம், நிறத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான பொம்மைகளைக் கொடுத்தார்கள். ‘எது நல்ல பொம்மை? எதனோடு விளையாடப் பிடிக்கும்?’ என்று கேட்டபோது, பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. ‘பார்க்கவே மோசமாக இருப்பது எது?’ என்றதற்குப் பாதிக்கும் மேற்பட்டவை பழுப்பு நிறப் பொம்மையைக் காட்டின.

கடைசியாக, ‘இதில் உன்னைப் போல இருப்பது எது?’ என்று கேட்டார்கள். சற்று முன் ‘மோசம்’ என்று சொன்ன அதே பொம்மையை இப்போது தன்னுடையது என்று காட்ட வேண்டும். சில குழந்தைகள் அழுதன. சில, அறையை விட்டே ஓடிவிட்டன. பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைத் தனியாகப் பிரித்து வைப்பது செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இந்த ஆய்வும் மேற்கோள் காட்டப்பட்டது.

இது ஏதோ அமெரிக்கக் கதை என்று கடந்துபோக முடியாது. 1975இல் இந்தியாவில் அறிமுகமான ‘ஃபேர் அண்ட் லவ்லி’ கிரீமின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல் நீக்கப்பட்டது 2020இல்தான். அதுவும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டதை எதிர்த்து உலகெங்கும் போராட்டங்கள் வெடித்த பிறகு. கிரீமின் பெயர் மாறிவிட்டது. வீட்டுப் பேச்சு மாறிவிட்டதா? “குழந்தை நல்ல கலரா பொறந்திருக்கு”, “வெயில்ல ஆடாதடா, கறுத்துப்போயிடுவ” என்பதெல்லாம் யாரையும் திட்டுவதற்காகச் சொல்லப்படுபவை அல்ல. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தை அதிலிருந்து கணக்குப் போட்டுவிடுகிறது. தன் நிறத்துக்கும் சேர்த்து.

நீல டிஷர்ட், மஞ்சள் டிஷர்ட்

யாரும் எதையும் மட்டமாகப் பேசாவிட்டாலும் பாகுபாடு உருவாகுமா? இதைச் சோதித்தவர் அமெரிக்க உளவியலாளர் ரெபெக்கா பிக்லர். 1997இல் வெளியான அவரது குழுவின் ஆய்வில், 6 முதல் 9 வயதுக் குழந்தைகள் நீலம், மஞ்சள் என இரண்டு நிற டிஷர்ட்டுகளில் வகுப்புக்கு வந்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் அந்த நிறத்தை வைத்து வரிசையில் நிற்கவைத்தார்கள், உட்காரவைத்தார்கள். ‘நீலம் உசத்தி’ என்றோ ‘மஞ்சள் மட்டம்’ என்றோ ஒருவரும் சொல்லவில்லை. ஆனாலும் சில வாரங்களில் குழந்தைகள் தங்கள் நிறக் குழுவையே சிறந்ததாகக் கருதத் தொடங்கினார்கள். ஆசிரியர்கள் நிறத்தைக் கண்டுகொள்ளாத வகுப்புகளில் இது அந்த அளவுக்கு நடக்கவில்லை.

தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களை அறிந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வரும்: கையில் கட்டும் வண்ணக் கயிறு. எந்தக் கலர் எந்தச் சாதி என்பது பள்ளி மாணவர்களுக்கே அத்துப்படி. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பட்டியலினத்தைச் சேர்ந்த பிளஸ் 2 மாணவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியது சக மாணவர்கள்தான். அதன்பின் தமிழ்நாடு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளின் பெயரில் உள்ள சாதி அடையாளத்தை நீக்க வேண்டும், மாணவர்கள் வண்ணக் கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்களுடன் வருவதைத் தடை செய்ய வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில.

டிஷர்ட் ஆய்வை வைத்துப் பார்த்தால் இந்தப் பரிந்துரையின் நியாயம் புரியும். டிஷர்ட்டுக்குப் பின்னால் எந்த வரலாறும் இல்லை. கயிற்றுக்குப் பின்னாலோ பல நூற்றாண்டுப் பகை இருக்கிறது.

“நாங்க பேசுறதே இல்லை” என்றால்?

2012இல் வெளியான மற்றோர் ஆய்வு பெற்றோருக்கு முக்கியமானது. நான்கைந்து வயதுக் குழந்தைகளின் வெள்ளையினத் தாய்மார்களிடம், இனம் தொடர்பான கதைப் புத்தகங்களைக் கொடுத்துப் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டச் சொன்னார்கள். பெரும்பாலான தாய்மார்கள், இனம் என்ற பேச்சையே எடுக்காமல் கதையை முடித்தார்கள்.

முடிவு என்ன தெரியுமா? அம்மாவின் மனநிலைக்கும் பிள்ளையின் மனநிலைக்கும் சம்பந்தமே இல்லை. கறுப்பின மக்களைப் பற்றித் தங்கள் அம்மா உண்மையில் என்ன நினைக்கிறார் என்பதைக் குழந்தைகளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அம்மாவின் நல்லெண்ணம் அம்மாவிடமே தங்கிவிட்டது. ஆனால், வேறு இனத்து நண்பர்கள் அதிகம் உள்ள தாய்மார்களின் பிள்ளைகளிடம் பாகுபாடு குறைவாக இருந்தது.

அதாவது, பெற்றோர் மனதுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்பது குழந்தைக்குத் தெரியாது. வீட்டுக்கு யார் வருகிறார்கள், யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள், யாரை வாசலோடு அனுப்புகிறார்கள் என்பது தெரியும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் இருந்தால் அதுவும் தெரியும்.

‘வடக்கன்’ என்ற ஒரு சொல்

இன்று தமிழ்நாட்டில் கட்டுமானத் தளம், பனியன் கம்பெனி, ஹோட்டல் சமையலறை எங்கும் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களின் குழந்தைகள் நம் அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். இந்நிலையில், ‘வடக்கன்’ என்ற சொல் மீம்களிலும் ரீல்ஸ் கமென்ட்டுகளிலும் சர்வசாதாரணமாகிவிட்டது. போன் கையில் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல்லை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தி திணிப்பை எதிர்ப்பது வேறு, இந்தி பேசும் கொத்தனாரின் மகனைக் கேலி செய்வது வேறு. முன்னது அரசின் கொள்கையோடு நடக்கும் சண்டை. பின்னது பிழைப்பு தேடி வந்தவரின் பிள்ளை மீது விழும் அடி. பெரியவர்களே குழப்பிக்கொள்ளும் இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

“நம்ம வேலையைப் பறிக்கிறாங்க” என்ற வாசகமும் புதிதல்ல. 1966இல் சிவசேனா தொடங்கப்பட்ட காலத்தில் பம்பாயில் இதே குற்றச்சாட்டு தமிழர்கள் உள்ளிட்ட தென்னிந்தியர்கள் மீது வைக்கப்பட்டது. ‘மதராசி’ என்று ஏளனம் செய்யப்பட்டார்கள், லுங்கியை வைத்துக் கோஷம் போட்டார்கள், கடைகள் தாக்கப்பட்டன. அந்த நகரில் அன்று பயந்து வாழ்ந்த தாத்தா, பாட்டி யாரேனும் குடும்பத்தில் இருந்தால், பிள்ளைக்குச் சொல்ல அதைவிட நல்ல பாடம் இல்லை.

சேர்ந்து படித்தால் மாறுமா?

மாறும் என்பதற்கு இந்தியாவிலேயே ஆதாரம் இருக்கிறது. 2007 முதல் டெல்லியின் தனியார் பள்ளிகள் பலவற்றில் ஏழைக் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்ற விதி வந்தது. இதன் விளைவைப் பொருளியலாளர் கௌதம் ராவ் ஆராய்ந்தார். 2019இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஏழை மாணவர்களோடு ஒரே வகுப்பில் படித்த வசதியான மாணவர்கள் கூடுதல் தாராள குணத்துடன் இருந்தார்கள். ரிலே ஓட்டப் பந்தயத்துக்குக் கூட்டாளியைத் தேர்வு செய்யச் சொன்னபோது, நன்றாக ஓடும் ஏழை மாணவரைத் தவிர்ப்பது அவர்களிடம் குறைந்திருந்தது. படிப்பு கெட்டுப்போனதா? இந்தி, கணக்கு மதிப்பெண்ணில் பாதிப்பு தென்படவில்லை. ஆங்கிலத்தில் சிறிய சரிவு இருந்தது.

ஆனால், ஒரே கட்டிடத்தில் இருந்தால் மட்டும் போதாது. சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, சேர்ந்து செய்யும் வேலை, மேலே இருப்பவர்களின் ஆதரவு ஆகிய நான்கும் இருந்தால்தான் பழக்கம் நட்பாகும் என்று 1954லேயே சொன்னார் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட். கடைசி பெஞ்சில் இந்தி பேசும் நான்கு பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்தால், அதுவும் டிஷர்ட் ஆய்வாகத்தான் முடியும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

*கேள்வியை அடக்காதீர்கள்.* ரயிலில் அந்த அம்மா இப்படிச் சொல்லியிருக்கலாம்: “எல்லாருக்கும் முகம் ஒரே மாதிரி இருக்காதுல்ல? உனக்குத் தாத்தா மூக்கு வந்திருக்கு. அந்த அண்ணனுக்கு அவங்க அப்பா அம்மா மாதிரி கண்ணு. ஆனா கையை நீட்டிக் காட்டினா அவருக்குக் கஷ்டமா இருக்கும். என் காதுல கேளு.” கேள்விக்குப் பதிலும் கிடைத்தது, மரியாதையும் சொல்லித்தரப்பட்டது.

*பட்டப்பெயருக்குப் பதில் பெயர்.* “பானிபூரி பையா”, “வாட்ச்மேன் நேபாளி” என்று சொல்வதை விட்டு, அவர்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிள்ளை முன்னால் அந்தப் பெயரால் அழையுங்கள்.

*பிள்ளை மோசமான சொல்லோடு வந்தால்,* முதலில் கத்தாதீர்கள். “இதை எங்க கேட்ட? இதுக்கு என்ன அர்த்தம்னு நினைக்கிற? உன்னை யாராவது இப்படிச் சொன்னா எப்படி இருக்கும்?” என்று கேளுங்கள். பிறகு, “நம்ம வீட்டுல இந்த வார்த்தை வேண்டாம்” என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

*தாத்தா, பாட்டி பேசினால்,* குழந்தை முன் சண்டை போட வேண்டாம். விட்டுவிடவும் வேண்டாம். “பாட்டி அவங்க காலத்துல அப்படிக் கேட்டு வளர்ந்துட்டாங்க. ஆனா அது சரியில்லை” என்று பிற்பாடு பிள்ளையிடம் சொல்லலாம். உங்கள் வாயிலிருந்தே தப்பான வார்த்தை வந்துவிட்டால், “நான் சொன்னது தப்பு” என்று ஒப்புக்கொள்ளுங்கள். பெரியவர்களும் திருத்திக்கொள்ளலாம் என்பதைக் குழந்தை அப்போதுதான் நேரில் பார்க்கும்.

*கேலிக்கு ஆளாவது உங்கள் பிள்ளையாக இருந்தால்,* “கண்டுக்காத, விடு” என்று முடித்துவிடாதீர்கள். தவறு தன்னிடம் இல்லை என்பதைப் பெற்றோர் வாயால் கேட்பது அந்தக் குழந்தைக்கு மிக அவசியம். அடுத்து, வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள்.

வீடு மட்டும் போதுமா?

போதாது. பாடப்புத்தகம், பள்ளி, சினிமா, போன் எல்லாம் சேர்ந்துதான் ஒரு பிள்ளையை வளர்க்கின்றன. 2014இல் டெல்லியில் அருணாச்சலப் பிரதேச இளைஞர் ஒருவர், தலைமுடியை வைத்துக் கேலி செய்யப்பட்டு, அடிக்கப்பட்டு இறந்தார். அதன்பின் மத்திய அரசு அமைத்த பெஸ்பரூவா குழு, வடகிழக்கு மக்களின் வரலாறும் பண்பாடும் நாடு முழுக்கப் பாடத்தில் இடம்பெற வேண்டும் என்று சொன்னது. முன்பின் தெரியாத ஒருவரைக் கேலிப்பொருளாகப் பார்ப்பது எளிது என்பதுதான் அந்தப் பரிந்துரைக்குப் பின்னால் இருக்கும் காரணம்.

கயிற்றை அரசு தடுக்கலாம், பாடத்தைப் பள்ளி மாற்றலாம். ஆனால், “அந்த அண்ணனுக்கு ஏன் அப்படி இருக்கு?” என்ற கேள்வியைக் குழந்தை முதலில் கேட்பது அம்மாவிடமும் அப்பாவிடமும்தான். இரண்டு முறை “உஷ்” என்று பதில் வந்தால், மூன்றாவது முறை அது அவர்களிடம் கேட்காது. பதில் தர ரீல்ஸ் தயாராக இருக்கிறது.