மழையும் ஆங்கிலச் சொற்களும்



"எவாப்பரேஷன், கண்டென்சேஷன், பிரெசிப்பிட்டேஷன்" எனப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி மனனம் செய்வதைக் கேட்கின்றோம். பொருளை வினவினால் விழிக்கின்றனர். ஆங்கிலம் அறியோம் என்று நீங்கள் ஒதுங்க வேண்டியதில்லை. கொடியில் ஈரத்துணி உலர்வதைக் காட்டுங்கள்; அதுவே முதற்சொல். உலைமூடியின் உட்புறத்தில் ஆவி குளிர்ந்து துளிகளாவது இரண்டாவது. அவை கனத்துச் சொட்டுவதைப் போன்றது மூன்றாவது. மழை, ஆலங்கட்டி, பனிப்பொழிவு யாவும் இம்மூன்றாம் சொல்லில் அடங்கும், மூடுபனி அடங்காது. (படித்தவர்களும் இதில் தடுமாறுவதுண்டு!)

மேகங்களுக்கு 1802-இல் இலண்டனில் லூக் ஹோவர்டு என்பார் இலத்தீனில் பெயரிட்டார். குவியலாய் எழுவது கியூமுலஸ். படலமாய்ப் பரவுவது ஸ்ட்ரேட்டஸ். சுருள்முடி போன்றது சிரஸ். ஐப்பசி வானில் இவற்றுள் எது தென்படுகிறதெனப் பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டுவது பிறகு ஆகட்டும்.