ஜெர்மனி கேட்பது பி2, தாம்பரம் கேட்பது என்ன?

தாம்பரம் மேற்கிலிருந்து முடிச்சூர் சாலையில் நடந்தால் மின்கம்பங்களில் 'செவிலியர்களுக்கு ஜெர்மன் வகுப்பு' என்ற சுவரொட்டியைப் பார்க்கலாம். என் தங்கையும் அப்படி ஒரு வகுப்புக்குப் போகிறாள். எங்கள் தெருவில் நர்சிங் படித்த முதல் பெண் அவள்.

ஜெர்மனியில் நடப்பது இதுதான். இங்கே படித்த படிப்பை அந்த மாநிலத்தின் அதிகார அமைப்பு தன் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு, எது குறைகிறது என்று எழுதித் தரும். அந்தக் குறையைத் தீர்க்கத் தகவமைப்புப் பயிற்சியோ அறிவுத் தேர்வோ முடிக்க வேண்டும். மொழியில் பி2 வேண்டும். அதுவரை அவள் செவிலியர் அல்ல, உதவியாளர். சம்பளமும் உதவியாளர் சம்பளம்தான். இங்கிலாந்திலும் இதே கதை. பதினைந்து வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றவரும் ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, செய்முறைத் தேர்வு எல்லாம் முடித்த பிறகு, பொதுவாக புதிதாகப் படித்து வந்தவரோடு சேர்ந்து பேண்ட் 5இல்தான் தொடங்குகிறார். பிலிப்பைன்ஸ் பெண்களும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இதைச் சொன்னால் தோழர்கள் உடனே 'இனவெறி' என்கிறார்கள். சரிதான், நானும் சொல்கிறேன். ஆனால் அந்தக் கோபம் விமான நிலையம் தாண்டிய பிறகுதான் வருகிறது என்பதே என் புகார்.

தங்கையின் அசல் சான்றிதழ்கள் இப்போது அவளிடம் இல்லை. புறநகரில் அவள் வேலை பார்த்த தனியார் மருத்துவமனை ஒன்றின் பீரோவில் இருக்கின்றன. இரண்டு வருட பாண்ட். முன்பே விலகினால் பணம் கட்ட வேண்டும். இப்படிப் பிடித்து வைப்பது சுரண்டல் என்று இந்திய நர்சிங் கவுன்சில் 2011இலேயே சுற்றறிக்கை விட்டது. ஜெர்மனி சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் குறை சொல்கிறது. இங்கே சான்றிதழே பணயக் கைதி.

உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னபடி அமைந்த குழு, சின்ன மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு நிகரான சம்பளம் என்று பரிந்துரைத்தது. கேரளம் 2018இல் அரசாணை போட்டது, அதுவும் செவிலியர்கள் தெருவில் இறங்கிய பிறகு. இங்கே? அரசே 2015இல் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கானோரை 7,700 ரூபாய்க்கு எடுத்து, இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றது. பலர் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்திலேயே கிடந்தார்கள். கொரோனா காலத்தில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வீட்டுக்கு அனுப்பியது. இன்னொரு பக்கம் தாட்கோ வழியாகப் பட்டியல் சாதிச் செவிலியர்களுக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சி தருகிறது. நல்ல திட்டம், வரவேற்கிறேன். ஆனால் எங்கள் பெண்களின் படிப்புக்கு மதிப்புத் தேட ஃபிராங்க்பர்ட் வரை ஏன் போக வேண்டும்?

இதில் சாதி எங்கே என்று கேட்பவர்கள் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அது. 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்தது. மற்ற மருத்துவமனைகள் தொட மறுத்து விரட்டிய உடல்களை அங்கே செவிலியர்கள் தொட்டார்கள், சீழ் துடைத்தார்கள், மலம் அள்ளினார்கள். தொடுவதையும் கழிவையும் இழிவாக வைத்த சமூகம், அதைத் தொழிலாக எடுத்த பெண்ணின் படிப்பை மட்டும் படிப்பாக மதிக்குமா? 'சிஸ்டர்' என்று கூப்பிடும், 'சேவை' என்று புகழும், சம்பளம் கேட்டால் முகம் சுளிக்கும். மருத்துவரின் உழைப்பை யாரும் சேவை என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்பதில்லை. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை ஒரு வார்டுக்குள் பார்க்க வேண்டுமானால் மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர் யார் யாரை எப்படி விளிக்கிறார்கள் என்று காது கொடுத்தால் போதும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது: 'எல்லாரும் வெளிநாடு போனால் நம் நோயாளிகளை யார் பார்ப்பது?' ஐ.ஐ.டி.யில் மக்கள் வரிப்பணத்தில் படித்தவன் கலிபோர்னியா போனால் சாதனை. கடன் வாங்கிப் படித்த செவிலியர் போனால் துரோகமா? அவளை இருக்கச் சொல்லும் உரிமை, அவளுக்கு முழுச் சம்பளம் கொடுத்தவருக்கு மட்டுமே உண்டு.

போக விரும்புகிறவர்களை அரசு வகுப்போடு விட்டுவிடக் கூடாது. மொழிபெயர்ப்பு, அங்கீகாரக் கட்டணம், அங்கே உதவியாளராக இருக்கும் மாதங்களில் இங்கே ஏறும் கல்விக் கடன் வட்டி எல்லாவற்றையும் ஏற்க வேண்டும். அதற்கு முன்னால், சான்றிதழைப் பூட்டி வைத்திருக்கும் பீரோக்களை ஒரு மாதத்தில் திறக்கச் சொல்லி உத்தரவிட வேண்டும். இதற்கு பி2 தேவையில்லை.

தங்கைக்கு அடுத்த மாதம் தேர்வு. நேற்றும் மருத்துவமனைக்குப் போய்க் கேட்டாள். மேனேஜர் லீவாம், திங்கட்கிழமை வரச் சொன்னார்களாம்.