மோட்டார் சைக்கிளுக்கு வழி சொல்லும் திரை: எதைப் பார்த்து வாங்குவது?

ஊர் புதிது என்றால், மோட்டார் சைக்கிளில் வந்தவர் முன்பெல்லாம் முச்சந்தியில் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு, பெட்டிக்கடைக்காரரிடம் வழி கேட்பார். இப்போது அந்த வேலையை ஹேண்டில்பாரில் மாட்டிய சிறு திரை ஒன்று செய்கிறது. "இன்னும் 200 மீட்டரில் இடது பக்கம்" என்று அம்புக்குறி போட்டுக் காட்டுகிறது. சில நூறு ரூபாய்க்குச் செல்போனை மாட்டும் பிடிப்பான் கிடைக்கிறது. பல பத்தாயிரம் ரூபாய் விலையுள்ள தனிக் கருவியும் கிடைக்கிறது. எதை வாங்குவது என்று தெரியாமல் திகைப்பவர்கள் ஏராளம்.

கடைக்குப் போகிறவர் என்ன கேட்கிறார்? திரை எத்தனை அங்குலம்? பாட்டுக் கேட்கலாமா? போன் வந்தால் பெயர் தெரியுமா? செய்தி வந்தால் படிக்கலாமா? விற்கிறவரும் இந்தப் பெருமைகளையே அடுக்குகிறார். கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்தத் திரையைப் பார்த்துவிட்டு, கண் மறுபடி ரோட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

சாதாரணக் கணக்குத்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. இரண்டு வினாடி கண் கீழே போனால் 33 மீட்டர்! மூன்று பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் அவ்வளவு நீளம் வரும். அந்தத் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்கு இது சமம் அல்லவா? அதற்குள் ஒரு நாய் குறுக்கே ஓடலாம். மழையில் பெயர்ந்த பள்ளம் வாயைப் பிளந்து கிடக்கலாம். முன்னால் போகும் லாரி பிரேக் போட்டிருக்கலாம்.

காரில் போகிறவரைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. மோட்டார் சைக்கிள்காரருக்கு ஹெல்மெட் ஒன்றுதான் துணை; அதுவும் தலையில் இருந்தால்! 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய சர்க்காரின் கணக்கு. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். ஆகவே, இது கைக்கடிகாரம் வாங்குவது போன்ற அழகு விஷயம் அல்ல.

இந்தக் கண்ணோடு பார்த்தால், கடையில் இளக்காரமாகத் தெரியும் பொருள் ரோட்டில் உயர்ந்து நிற்கிறது. சென்னையில் இருந்து நடக்கும் ராயல் என்பீல்ட் கம்பெனி, 2020-இல் மீட்டியர் 350 வண்டியோடு 'டிரிப்பர்' என்ற சின்ன வட்டத் திரையைக் கொண்டுவந்தது. அதில் வரைபடம் கிடையாது. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், இன்னும் எவ்வளவு தூரம் என்பதை மட்டும் காட்டும். "இதற்கு ஒரு திரையா?" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. சுளித்திருக்க வேண்டியதில்லை. ஓர் அம்பும் ஓர் எண்ணும் கண்ணில் படுவதற்கு ஒரு நொடி கூட ஆகாது. லண்டனில் உள்ள பீலைன் கம்பெனியும் இதே வழியில்தான் சிறு வட்டக் கருவி செய்து விற்கிறது. ஓசூரின் டி.வி.எஸ். கம்பெனி 2018-இல் வெளியிட்ட என்டார்க் ஸ்கூட்டரில், மீட்டரிலேயே திருப்பங்களைக் காட்டும் வசதியை வைத்தது. இவற்றில் எல்லாம் செல்போன் சட்டைப் பைக்குள் பத்திரமாக இருக்கும். திரை மட்டுமே வெளியில் இருக்கும்.

முழு வரைபடம் காட்டும் திரைக்கும் உபயோகம் உண்டு. 2023-இல் வந்த ஹிமாலயன் 450 வண்டியில் வட்டத் திரை முழுவதும் வரைபடம் விரிகிறது. கொல்லிமலையின் எழுபது கொண்டைஊசி வளைவுகளில் ஏறுகிறவருக்கு, அடுத்த வளைவு எவ்வளவு நெருக்கம் என்று முன்கூட்டியே தெரிவது பெரிய உதவி. ஆனால் அண்ணா சாலையில் மாலை ஆறு மணி நெரிசலில், இருபது தெருப் பெயர்கள் நெளியும் படத்தில் தன் கோட்டைத் தேடுவது ஆபத்து. இரண்டையும் காட்டும் கருவியாக இருந்தால், ஊருக்குள் அம்பை மட்டும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

லடாக், ஸ்பிட்டி என்று கிளம்புகிறவர்கள் கணக்கு வேறு. அங்கே பல மைல்களுக்குச் செல்போன் கோபுரம் கிடையாது. கார்மின் போன்ற கம்பெனிகளின் தனிக் கருவிகளில் வரைபடம் உள்ளேயே இருக்கிறது. செல்போனிலும் கிளம்புமுன் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளலாம். மாதம் இரண்டு தடவை மாமனார் ஊருக்குப் போய்வருகிறவர், அவர்களைப் பார்த்து இவ்வளவு பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

செல்போனையே ஹேண்டில்பாரில் மாட்டினால் என்ன? பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள். செலவு குறைவு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பெரிய எஞ்சினின் அதிர்வு செல்போனின் காமிராவுக்கு ஆகாது. ஐபோன் செய்யும் ஆப்பிள் கம்பெனியே 2021-இல் இதை எச்சரித்திருக்கிறது. காமிராவுக்குள் படம் ஆடாமல் தாங்கும் நுட்பமான உறுப்புக்கள், இடைவிடாத நடுக்கத்தில் கெட்டுப்போகக் கூடும். அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த பிடிப்பான் இந்த அபாயத்தைக் குறைக்கும். வெயில் அடுத்த தொல்லை. சுற்றுப்புறச் சூடு 35 டிகிரி வரையில்தான் ஐபோனை உபயோகிக்கலாம் என்பது அதே கம்பெனியின் கணக்கு. வேலூரிலும் திருச்சியிலும் மே மாதம் 35 டிகிரியோடு நிற்கிறதா? சூடேறிய போன் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். வழி தெரிய வேண்டிய நேரத்தில் திரை கறுத்துப்போகும்.

அதனால், எந்தத் திரையையும் கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து வாங்கக் கூடாது. உச்சி வெயிலில் வாசலுக்குக் கொண்டுவந்து, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். இரவில் தானாக மங்குகிறதா என்றும் கேட்க வேண்டும். மங்காத திரை இருட்டு ரோட்டில் கண்ணைக் கூசவைக்கும். மழைக்கு 'ஐ.பி. 67' என்ற குறி இருந்தால் நல்லது. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் நீர் புகாது என்பது அதன் பொருள். மின்சாரத்தை வண்டியின் பாட்டரியில் இருந்து எடுப்பதானால், சாவியைத் திருப்பினால் மட்டும் ஓடும்படி, பியூஸ் வைத்து எடுக்க வேண்டும். கண்ட இடத்தில் ஒயரை வெட்டி ஒட்டினால், காலையில் பாட்டரி செத்துக் கிடக்கும். வண்டியின் காரண்டிக்கும் வம்பு வரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? வண்டி ஓட்டும்போது செல்போனை வழி பார்ப்பதற்கு மட்டும் உபயோகிக்கலாம். அதுவும் ஓட்டுகிறவரின் கவனம் சிதறாதபடி உபயோகிக்க வேண்டும் என்று 2020 அக்டோபர் முதல் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. திரையில் செய்தி படிப்பதும், ஓடிக்கொண்டே விலாசம் தட்டுவதும் இதில் அடங்காது.

எவ்வளவு நல்ல திரையானாலும், அதன் அறிவு வரைபடத்தின் அறிவுதான். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வழிகாட்டியை நம்பிப் போன கார் ஒன்று, ஒரு பகுதி வெள்ளத்தில் போயிருந்த பாலத்தில் இருந்து ராம்கங்கா ஆற்றில் விழுந்தது. மூவர் மாண்டனர். பாலம் உடைந்தது வரைபடத்துக்குத் தெரியவில்லை! கத்திப்பாரா போன்ற இடங்களில், வண்டி மேலே போகிறதா கீழே போகிறதா என்று கருவி குழம்புவதும் உண்டு. கூகுள் வரைபடத்தில் 2017 முதல் இந்தியாவில் இரு சக்கர வாகனத்துக்கென்று தனி வழி இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கார் வழியில் வைத்திருந்தால், பெங்களூர்-மைசூர் அதிவேகச் சாலைக்குள் அது கொண்டுபோய் விட்டாலும் விடும். 2023 ஆகஸ்ட் முதல் அதன் பிரதான பாதையில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை.

உல்லாசப் பயணம் போகிறவர்கள் யோசித்து, விலை விசாரித்து வாங்குவார்கள். யோசிக்க நேரமில்லாத ஒரு கூட்டம் இருக்கிறது. வீடு வீடாகச் சாப்பாடும் சாமானும் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர்கள்தான் அவர்கள். நாள் முழுதும் புதுப்புதுத் தெரு, புதுப்புதுக் கதவு எண். ஆர்டரும் அந்தப் போனில்தான், வழியும் அதில்தான், பணமும் அதில்தான். ஒரு கை ஹேண்டில்பாரில், மறு கையில் போன் என்று இவர்கள் போவதைப் பார்த்து "பொறுப்பில்லாதவர்கள்" என்று சொல்வது சுலபம். கம்பெனியின் பெயர் போட்ட சட்டையும் பையும் அவர்கள் மேல் இருக்கின்றன. அதே கம்பெனி, அம்புக்குறி மட்டும் காட்டும் சின்னத் திரை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? ஓடும் வண்டியில் அடுத்த ஆர்டர் மணி அடிக்காமலும் பார்த்துக்கொள்ளலாம். கிளம்புமுன் நின்ற இடத்திலேயே வழியை ஒரு முறை பார்த்துக்கொள்ள இரண்டு நிமிஷம் கூடுதலாகக் கொடுக்கலாம். அந்த இரண்டு நிமிஷத்தில் பிரியாணி ஒன்றும் ஆறிவிடாது.